எகானமி கிளாஸ்ல கேபின் க்ரூ சர்வீஸ்: துபாய் - சென்னை ரூட்ல பல வருஷமா பார்த்து எழுதுறேன்

துபாய்ல வேலை, ஊரு ஆரணி பக்கம், அதனால இந்த ரூட்ல வராத ஃப்ளைட் இல்லன்னே சொல்லலாம், நேரடியா எமிரேட்ஸ்ல வந்திருக்கேன், டிக்கெட் விலை ஏறுற சீசன்ல கொழும்பு வழியா ஸ்ரீலங்கன்ல வந்திருக்கேன், பட்ஜெட் ஏர்லைன்ஸ்லயும் வந்திருக்கேன், எல்லாமே எகானமிதான். ரிவ்யூ எழுதுறவங்க பெரும்பாலும் சாப்பாடு, ஸ்க்ரீன், லெக் ரூம் இதை வச்சுதான் ஸ்டார் போடுறாங்க. நான் பார்க்கிறது ஒரே ஒரு விஷயம், இங்கிலீஷ் தெரியாம முதல் தடவை ஃப்ளைட் ஏறின ஆள்கிட்ட க்ரூ எப்படி நடந்துக்கிறாங்க. இந்த ரூட்ல அப்படி ஒரு ஆளாவது இல்லாத ஃப்ளைட் கிடையாது. கட்டட வேலைக்கு வர்ற பசங்க, வீட்டு வேலைக்கு வர்ற அக்காங்க, பேரப்பிள்ளையை பார்க்க தனியா வர்ற அம்மாக்கள்.

நல்லதை முதல்ல சொல்லிடுறேன். எமிரேட்ஸ்ல சென்னைக்கு வர்ற போயிங் 777ல எகானமி 3-4-3 சீட்டு, நெருக்கம்தான். ஒரு நைட் ஃப்ளைட்ல பக்கத்து சீட்ல விருத்தாசலம் பக்கத்து தம்பி ஒருத்தர், சாரம் கட்டுற வேலை, முதல் லீவுக்கு ஊருக்கு போறார், பாஸ்போர்ட்டும் பேப்பரும் வச்ச பிளாஸ்டிக் ஃபோல்டரை மடியில இருந்து இறக்கவே இல்ல. சாப்பாடு வந்தப்ப க்ரூல இருந்த ஒரு பொண்ணு என்ன வேணும்னு கேட்டாங்க, இவர் பதில் சொல்ல தெரியாம முழிச்சாரு, நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்களே ரெண்டு டப்பாவோட ஃபாயிலையும் ஓரமா லேசா தூக்கி காட்டினாங்க, இவர் ஒண்ணை கை காட்டினாரு, முடிஞ்சது. அதோட போயிருந்தா கூட நல்ல சர்வீஸ்னுதான் சொல்லுவேன். ட்ரே எடுக்க வந்தப்ப தண்ணி கப் அப்படியே சீல் உடைக்காம இருக்கிறதை பார்த்துட்டாங்க, மேல ஒட்டியிருக்கிற மூடியை எப்படி உரிக்கணும்னு அவருக்கு தெரியல, கேட்கவும் கூச்சம். எதுவும் பேசாம உரிச்சு கையில குடுத்துட்டு போனாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் டாய்லெட் கதவு முன்னாடி கைப்பிடியை தேடிக்கிட்டு நிக்கிறார், அந்த கதவு நடுவுல தள்ளினா உள்பக்கமா மடங்கும், உள்ள போய் தாழ்ப்பாள் போட்டாதான் லைட் நல்லா எரியும், இதெல்லாம் முதல் தடவை வர்றவருக்கு எப்படி தெரியும். அதே பொண்ணுதான் வந்து தள்ளி காட்டி, தாழ்ப்பாளையும் கை சைகையில காட்டிட்டு போனாங்க. நான் காசு குடுக்கிறது இதுக்குத்தான்.

ஸ்ரீலங்கன்ல அறிவிப்பு சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூணுலயும் வரும். கொழும்புல ட்ரான்சிட் இருக்கு, நேரம் இழுக்கும், ஆனாலும் எங்க அம்மா மாதிரி ஆளுங்களுக்கு சீட் பெல்ட் போடுங்கன்னு தமிழ்ல காதுல விழும்போதே பாதி பயம் போயிடுது. க்ரூல ஒருத்தராவது தமிழ் பேசுறவங்களா இருந்துட்டா இன்னும் நல்லது, அம்மா அவங்களை கூப்பிட்டு ஊரு எது, கல்யாணம் ஆச்சான்னு கேட்கிற அளவுக்கு போயிடுவாங்க, அவங்களும் சலிச்சுக்காம பதில் சொல்லுவாங்க.

இப்ப மோசமானது. பேர் சொல்ல விரும்பல. பெரியவர் ஒருத்தர், அறுபது வயசு இருக்கும், தண்ணிக்காக தலைக்கு மேல இருக்கிற, க்ரூவை கூப்பிடுற பட்டனை அழுத்தினாரு. ரொம்ப நேரம் யாரும் வரல, அந்த லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு, பின்னாடி பேன்ட்ரில திரைச்சீலைக்கு பின்னால பேச்சு சத்தம் கேக்குது. கடைசியில வந்தவர் லைட்டை அணைச்சுட்டு என்ன வேணும்னு ஹிந்தில சத்தமா கேட்டாரு, பெரியவருக்கு புரியல, அவர் தயங்கினதும் கையை கீழ காட்டி உட்காருன்னு ஒரு அதட்டல், திரும்பி போயிட்டாரு. ரெண்டு வரிசை முன்னாடி லேப்டாப் வச்சிருந்தவருக்கு அதே ஆள் சார் சார்னு குனிஞ்சு பேசுறாரு. நாங்க எழுந்து போய் தண்ணி வாங்கிட்டு வந்து குடுத்தோம். பெரியவர் குடிச்சுட்டு "பரவால்லப்பா, அவங்களுக்கு என்ன வேலையோ"ன்னாரு. எனக்கு மனசே ஆறல. ஒரே காசு குடுத்துதானே எல்லாரும் ஏறினோம், சட்டையையும் கையில இருக்கிற பையையும் பார்த்து குரல் மாறலாமா? புகார் எழுதினேன், உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்னு ஒரு ரெடிமேட் மெயில் வந்தது, அவ்வளவுதான்.

தண்ணி விஷயத்தை நான் ஏன் இவ்வளவு பெருசா பேசுறேன்னா, பறக்கிறப்ப கேபின் காத்துல ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழ போயிடும், தொண்டையும் உதடும் காய்ஞ்சு போயிடும், வயசானவங்களுக்கும் சுகர் மாத்திரை போடுறவங்களுக்கும் கஷ்டம். அதனால சாப்பாட்டு ட்ரேயை எடுத்து லைட்டை அணைச்ச அப்புறம் ஒருத்தர் தண்ணி ட்ரேயோட நடந்து வர்றாங்களான்னு பாருங்க, யாரும் கேட்காமலே வந்தா அது நல்ல க்ரூ. சாப்பாட்டு ருசியை வச்சு க்ரூவை திட்டாதீங்க, அது கீழ கிச்சன்ல சமைச்சு மேல சூடு பண்றது, மேல போனா உப்பும் இனிப்பும் நாக்குக்கு குறைச்சலாத்தான் தெரியும்.

க்ரூ பக்கமும் பேசணும். 50 சீட்டுக்கு ஒருத்தர்ங்கிறதுதான் நிறைய நாட்டுல விதி, அதனாலதான் 180 சீட் இருக்கிற ஏ320 விமானத்துல பொதுவா நாலு பேர். அந்த நாலு பேரும் ஒரே நடைபாதையில ட்ராலியும் தள்ளணும், வழியில நிக்கிறவங்களையும் சமாளிக்கணும். இன்னொன்னு நிறைய பேருக்கு தெரியாது, பல ஏர்லைன்ஸ்ல க்ரூவோட மணிக்கணக்கு சம்பளம் நாம ஏறி பெட்டி வைக்கிற நேரத்துக்கு ஓடாது, ஃப்ளைட் கிளம்பினாதான் மீட்டர் ஓடும். அமெரிக்காவுல டெல்டா 2022லதான் போர்டிங் நேரத்துக்கு பாதி ரேட் குடுக்க ஆரம்பிச்சாங்க, ஏர் கனடா க்ரூ 2025 ஆகஸ்ட்ல ஸ்ட்ரைக் பண்ணதுக்கும் இந்த தரையில பார்க்கிற சம்பளமில்லாத வேலை ஒரு முக்கிய காரணம். ஏறும்போது முகம் இறுக்கமா இருந்தா அதை நான் பொறுத்துக்குவேன். உங்க 12 கிலோ பையை தூக்கி மேல வைக்க மாட்டேன்னு சொன்னாலும் கோபப்படாதீங்க, முதுகு போயிடும்னு நிறைய கம்பெனிலயே தூக்க வேணாம்னுதான் சொல்லியிருக்காங்க. காபி கேட்டா சீட் பெல்ட் சைன் போட்டிருக்கு, தர முடியாதுன்னு சொல்றதும் சரிதான். 2024 மே மாசம் லண்டன்ல இருந்து வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஃப்ளைட் டர்புலன்ஸ்ல மாட்டி பாங்காக்ல இறங்கினது ஞாபகம் இருக்கும், ஒருத்தர் இறந்துட்டாரு, அதுக்கப்புறம் அந்த ஏர்லைன்ஸே சைன் எரியும்போது சூடான பானமும் சாப்பாடும் நிறுத்தி க்ரூவையும் உட்கார வச்சிட்டாங்க.

ஆனா வேலைப்பளுவை காட்டி அதட்டலை நியாயப்படுத்தினா ஒத்துக்க மாட்டேன், இதுல மரியாதை மட்டுமில்ல, உயிரும் இருக்கு. 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோ ஹனேடா ஏர்போர்ட்ல ஜப்பான் ஏர்லைன்ஸோட ஏ350 விமானம் தீப்பிடிச்சது, உள்ள 379 பேர், மைக் சிஸ்டம் வேலை செய்யல, எட்டு கதவுல மூணைத்தான் திறக்க முடிஞ்சது. க்ரூ மெகாஃபோன்லயும் வாயாலயும் கத்தியே அத்தனை பேரையும் வெளிய கொண்டு வந்தாங்க. க்ரூ சொன்னதை ஜனங்க கேட்டாங்க, பெட்டியை எடுக்க நிக்கல. நம்ம ரூட்ல அப்படி ஒண்ணு நடந்தா, நாலு மணி நேரமா அதட்டி ஒதுக்கி வச்ச ஆள் அந்த நிமிஷத்துல யார் முகத்தை பார்ப்பாரு? பையை விடுங்கன்னு ஹிந்தில கத்தினா அவருக்கு என்ன புரியும்? தமிழ்நாட்டு ஏர்போர்ட்டுக்கு பறக்கிற ஒவ்வொரு ஃப்ளைட்லயும் தமிழ் தெரிஞ்ச க்ரூ ஒருத்தராவது இருக்கணும், ஏர்லைன்ஸ்கிட்ட நான் கேட்கிறது இது ஒண்ணுதான், ஃபீட்பேக் ஃபார்ம் வர்ற ஒவ்வொரு தடவையும் இதைத்தான் எழுதுறேன்.

ஃபீட்பேக் எழுதும்போது ஃப்ளைட் நம்பர், தேதி, சீட் நம்பர் மூணும் கண்டிப்பா போடுங்க, நல்லா பார்த்துக்கிட்டவங்களோட பேட்ஜ் பேரையும் போடுங்க, திட்டி எழுதுறவங்க நிறைய, பாராட்டி எழுதுறவங்க கம்மி.

அப்பா அம்மாவை தனியா அனுப்புறவங்களுக்கு ஒரு விஷயம். சைவம்னா டிக்கெட் போடும்போதே ஏஷியன் வெஜிடேரியன் மீல் போட்டு வச்சிடுங்க, குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி, ஏன்னா கடைசி வரிசைக்கு ட்ராலி வர்றதுக்குள்ள வெஜ் தீர்ந்து போறது சகஜம், ஸ்பெஷல் மீல் பெரும்பாலும் ட்ராலிக்கு முன்னாடியே பேர் கேட்டு கையில குடுத்துடுவாங்க. நடைபாதை ஓரத்து சீட் (ஐல் சீட்) எடுங்க. என் கணக்குல தனியா வர்ற அம்மாவுக்கு, கூட மாட ஆள் இருந்து ட்ரான்சிட் பார்த்துக்க முடியும்னா ஸ்ரீலங்கன், இல்லாட்டி நேரா எமிரேட்ஸ். பெரியவரை அதட்டின அந்த ஃப்ளைட் எவ்வளவு மலிவா இருந்தாலும் எங்க வீட்ல யாருக்கும் அதுல டிக்கெட் போடுறதில்ல.