வடசென்னையில் பத்மினி காருக்கு ரூஃப் லைனிங் மாற்றிய அனுபவம்

ஊருக்கு வரும்போது பழைய கார் வேலை எதையாவது முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பவர்கள், ரூஃப் லைனிங், அதாவது காரின் மேற்கூரைக்கு உள்பக்கம் இருக்கிற உறையை மாற்றுவதாக இருந்தால் வந்து இறங்கிய வாரமே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். பாகம் கிடைத்தால் மறுநாளே முடிகிற வேலை இல்லை இது. நான் மெல்பர்னிலிருந்து டிசம்பர் விடுமுறைக்கு வந்தேன். அப்பாவின் பிரீமியர் பத்மினி பெரம்பூர் வீட்டில்தான் நிற்கிறது, மேலே இருக்கிற ரெக்சின் நைந்து, கிழிந்து, பின் சீட்டில் உட்காருகிறவர் தலையில் உரசிக்கொண்டிருந்தது. போகி நெருங்கினால் பட்டறை ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், பொங்கல் முடிந்து அவர்கள் திரும்பும்போது நமக்கு லீவு முடிந்திருக்கும்.

முதலில் போன சீட் கவர் கடையில், ஃபோம் ஒட்டிய துணியை ரூஃப் தகரத்திலேயே நேராக ஒட்டித் தருகிறோம், சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க என்றார்கள். உள்ளே இருக்கிற கம்பிகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கழற்றிப் போட்டுவிடலாம், அது இனிமேல் எதற்கு என்று பதில் வந்தது. நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். இப்போது வருகிற கார்களில் ஃபோம் துணியை ஒரு அச்சு அட்டையில் ஒட்டி, அந்த அட்டையை மேலே மாட்டுகிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அந்த ஃபோம் நாளாவட்டத்தில் பொடிந்து, துணி தனியாகக் கழன்று தொங்கும். பத்மினியும் அம்பாசடரும் அப்படி இல்லை. ரூஃபுக்குக் குறுக்கே வளைந்த கம்பிகள் வரிசையாக நிற்கும், அவற்றின் இரண்டு முனையும் பக்கத்துச் சட்டத்தில் இருக்கிற ஓட்டைகளில் உட்காரும். ரெக்சினின் பின்பக்கம் தைத்திருக்கிற துணிக் குழாய்க்குள் அந்தக் கம்பி நுழைந்து போகும். ஆக, ரெக்சின் தகரத்தைத் தொடுவதே இல்லை, கம்பியில் தொங்குகிறது, ஓரங்களில் மட்டும்தான் பசை. நடுவில் இருக்கிற அந்தக் காற்று இடைவெளி போனால் வெயில் சூடு நேராகத் தலையில் இறங்கும், காரின் உள் தோற்றமும் போய்விடும். எங்கள் வண்டியில் கெட்டுப்போனது கம்பி இல்லை. துணிக் குழாய் இற்றுப்போய் கம்பியிலிருந்து கழன்றதால்தான் ரெக்சின் தொங்கியது.

அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் கம்பியைப் பற்றி மட்டும் கேளுங்கள். அப்பாவுடன் வேலை பார்த்த ஒருவர் சொல்லி, எம்.கே.பி. நகர் பக்கம் ஒரு குஷன் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த பாய் நான் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்து, மேலே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "கம்பி எல்லாம் நல்லா இருக்கு தம்பி. ஒவ்வொண்ணும் வேற வேற வளைவு, மாத்தி மாட்டுனா மேல அலை அலையாத் தெரியும்" என்றார். வண்டியை அங்கேயே விட்டுவிட்டேன்.

பத்மினி உற்பத்தி நின்று 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது, அம்பாசடர் 2014-ல் நின்றது. பழைய லைனிங்தான் இனி அளவு, அதைக் குப்பையில் போட விடாதீர்கள். பாய் அதைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் புது ரெக்சின் மேல் விரித்து சாக்பீஸால் கோடு போட்டார். கம்பிகளை முன்னாலிருந்து பின்னால் எண் போட்டு, இடது வலது குறித்து வைத்தார். தைத்தது நைலான் நூலில், கொஞ்சம் நீளத் தையல். நெருக்கித் தைத்தால் ஊசி ஓட்டை வரிசையிலேயே ரெக்சின் கிழியும். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபர்னிஷிங் பிரிவில் இருந்தவர், ரயில் பெட்டிக்குள் சீட்டும் லைனிங்கும் பார்த்தே பழகியவர், அவர் தையலைத் தடவிப் பார்த்துத் தலையாட்டியதும் எனக்குப் பெரிய நிம்மதி. ரெக்சின் நானே பாரிமுனைக்குப் போய் வாங்கி வந்தேன், பழையதைப் போலவே பொடி ஓட்டை போட்ட தந்த நிறம்.

லைனிங்கைக் கழற்றியதும்தான் துரு தெரிந்தது. கடல் காற்று படுகிற ஏரியாவில் நிற்கிற வண்டி, மழைநீர் ஓடுகிற ஓரக் காடியை ஒட்டி உள்பக்கம் செதில் செதிலாக வந்தது. இதை அப்படியே மூடிவிட்டால் சில வருடங்களில் புது ரெக்சினில் பழுப்புக் கறை இறங்கும். சுரண்டி, எமரி போட்டு, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிட்டோம். உள் விளக்குக்குப் போகிற ஒயரையும் அப்போதே புதிதாக இழுத்தாயிற்று. சன் வைசர், உள்ளே பின்னால் பார்க்கிற கண்ணாடி இவற்றின் ஸ்க்ரூ ஓட்டைகளை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், மூடிய பிறகு தேடுவது கஷ்டம்.

முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் கழற்றாமல் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்ய முடியாது, ரெக்சினின் ஓரம் கண்ணாடி ரப்பருக்கு அடியில்தான் முடிகிறது. சிலர் ரப்பரைக் கத்தியால் தூக்கி உள்ளே திணிப்பார்கள், கொஞ்ச நாளில் அது வெளியே வந்துவிடும். எங்கள் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்தது, கழற்றும்போதே உடைந்தது, புதுப்பேட்டையில் தேடி வேறு வாங்க வேண்டியதாயிற்று. ரப்பரை முதலிலேயே வாங்கி வைத்துக்கொண்டால் வேலை நடுவில் நிற்காது.

மாட்டுகிற நாள்தான் பார்க்க வேண்டிய நாள். ரெக்சினை முதலில் வெயிலில் விரித்துப் போட்டு இளக வைத்தார்கள். கம்பிகளை வரிசையாக மாட்டி நிமிர்த்திவிட்டு, நடுவில் முன்னும் பின்னும் இழுத்துப் பிடித்து, அப்புறம்தான் பக்கங்களுக்கு வந்தார்கள். எஸ்ஆர் என்கிற ரெக்சின் ஒட்டும் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்த வேண்டும், அவசரப்பட்டால் இழுக்கும்போது நழுவும். பின் கண்ணாடியின் இரண்டு மூலைகளில்தான் பாய் அதிக நேரம் எடுத்தார், ஒட்டியதைப் பிரித்து மறுபடி இழுத்து ஒட்டினார். மெல்லிய சுருக்கங்கள் அப்படியே இருந்தன. "வெயில்ல நின்னா போயிடும், மடிப்பு விழுந்தாத்தான் போகாது" என்றார், அதே மாதிரிதான் ஆயிற்று.

கூலி தனி, சாமான் தனி. தொகை காரையும் கண்ணாடி, துரு நிலையையும் பொறுத்து மாறும் என்பதால் இங்கே எழுதவில்லை. ஆனால் தயவுசெய்து கூலியில் பேரம் பேசாதீர்கள். கம்பி லைனிங் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன, பாயின் பட்டறையில் கற்றுக்கொள்கிற பையன்களுக்கு வருவதெல்லாம் புது கார் சீட் கவர்தான். கேட்டதைக் கொடுத்துவிட்டு, கூட இருந்த பையன்களுக்கும் தனியாகக் கொடுத்தேன்.

வண்டியை எடுத்த பிறகு சில நாட்கள் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்து பசை வாடையைப் போக விடுங்கள். துடைக்க சோப்புத் தண்ணீர் போதும், தின்னரும் பெட்ரோலும் ரெக்சினை விறைக்க வைத்துவிடும்.