தேன்மெழுகில் கடல் வரைவது: நான்கு வருட அனுபவம்

வாட்டர்கலரிலும் அக்ரிலிக்கிலும் கடலை நிறைய வரைந்திருக்கிறேன். அலை வந்துவிடும், ஆழம் வராது. உருக்கிய மெழுகில் வரையும் என்காஸ்டிக் முறைக்கு வந்த பிறகுதான் அது கைகூடியது.

தேன்மெழுகு எட்டுப் பங்கு, டாமர் பிசின் ஒரு பங்கு (நம் குங்கிலியத்தின் இனம்தான்) சேர்த்து உருக்கி, நிறமி கலந்து, சூடாகவே பலகையில் பூச வேண்டும். எகிப்தின் ஃபாயூம் முகச் சித்திரங்களில் பலவும் இப்படி மெழுகில் வரைந்தவைதான். 1,800 வருடம் தாண்டியும் கண்கள் பளிச்சென்று இருக்கின்றன.

ஒவ்வொரு பூச்சுக்கும் ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவி) சூடு காட்டி, அடிப்பூச்சோடு சேர வைக்க வேண்டும். விட்டால் பின்னால் பெயர்ந்து வரும். சூடு கொஞ்சம் கூடினாலோ தொடுவானம் கரைந்து ஓடிவிடும். எனக்கு முதல் வருடம் முழுக்க இதே பாடுதான். சின்ன படத்துக்கே பத்துப் பன்னிரண்டு பூச்சு போடுகிறேன். இடையிடையே நிறமில்லாத மெழுகு பூசினால், அடியில் இருக்கும் பச்சை மங்கலாக மேலே வரும். கோவளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று குனிந்து பார்த்தால் மணல் தெரியுமே, அப்படி.

நுரைதான் எனக்கு மிகப் பிடித்த இடம். மர பாலிஷுக்குத் தச்சர்கள் வாங்கும் ஷெல்லாக்கில் வெள்ளை நிறமியைக் கலந்து, ஆறிய மெழுகின் மேல் தடவி, கொஞ்சம் காயவிட்டு கேஸ் டார்ச் சுடரைக் காட்டுவேன். அடியில் மெழுகு இளக, மேலே ஷெல்லாக் படலம் அங்கங்கே கிழிந்து வலைப்பின்னலாகப் பிரியும். அலை வடிந்த பிறகு மணலில் கிடக்கும் நுரையேதான். தூரிகையால் எனக்கு இது வந்ததே இல்லை. ஆனால் ஷெல்லாக் ஸ்பிரிட் கலந்தது, குபீரென்று தீப்பிடிக்கும். மொட்டை மாடியில், பக்கத்தில் எதுவும் இல்லாமல்தான் செய்கிறேன்.

கேன்வாஸ் வேண்டாம், வளைந்தால் மெழுகு விரிசல் விடும், பிளைவுட் நல்லது. மெழுகிலிருந்து புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், உடனே குறையுங்கள். புதுப் படத்தில் வெள்ளையாகப் படலம் படிந்தால் பயப்பட வேண்டாம், பழைய வேட்டித் துணியால் மெதுவாகத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும்.

சென்னை வெயில்தான் பெரிய தலைவலி. தேன்மெழுகு உருக 62 டிகிரி வேண்டும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். மேற்குச் சுவரில் மாட்டிய படத்தில் தூசி அப்படியே ஒட்டிக்கொண்டது. கூரியரில் அனுப்பிய இன்னொரு படத்தில், அமைதியான கடல் முழுக்க பபுள் ராப்பின் வட்டங்கள் பதிந்து போயிருந்தன. வாங்கியவரிடம் மன்னிப்புக் கேட்டுத் திருப்பி வாங்கி, மேல்பூச்சைச் சுரண்டி மறுபடி வரைந்தேன். அப்புறம் வெயில் காலத்தில் படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டேன். மே மாதம் பலகை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைப்பதோடு சரி.