ஓகாரத்தைத் தொலைத்த பெட்டி: ஆறு ஆண்டு அனுபவம்

போன வாரம் அலுவலகத் தம்பி ஒருவர் மின்தூக்கி வாசலில் நிறுத்திக் கேட்டார்: “அக்கா, உங்கள் வீட்டில் இருக்கிறதே அந்த நாஸ் பெட்டி, இப்போது விலை இறங்கியிருக்கிறது. பாட்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வாங்கலாமா?” அதற்குள் மின்தூக்கி வந்துவிட்டது. பிறகு சொல்கிறேன் என்றேன். நான்கு தளம் இறங்குவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது?

பெட்டியின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவரும் தொல்லை ஒரே நிறுவனத்தின் பெட்டியோடு நிற்பதன்று. நாஸ் என்பது வீட்டுக் கருவிகள் எல்லாம் வலையமைப்பு வழியாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி. என்னுடையது இரண்டு வன்தட்டுகள் கொள்ளும் சிறிய பெட்டி. ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதிவைக்கும். 2019 டிசம்பரில் வாங்கினேன். இவ்வளவு தெரிந்தால் போதும், மற்ற விவரங்கள் எல்லாக் கடைகளிலும் அட்டையில் ஒட்டியிருக்கின்றன.

நல்லதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபத்தில் மறந்துவிடுவேன். சென்ற மாதம் பின்னிரவு இரண்டு மணிக்குச் சாமி மாடத்தின் கீழிருந்து பீப் பீப் என்று சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் இரண்டு வன்தட்டுகளில் ஒன்றின் விளக்கு சிவந்திருந்தது. ஆறு ஆண்டு ஓய்வில்லாமல் சுழன்ற தட்டு அது, அதைக் குறை சொல்லமாட்டேன். மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்து, இங்கே சிங்கப்பூரில் கணினிச் சாமான்கள் விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் அதே அளவில், 4 டெராபைட் தட்டு ஒன்று வாங்கி வந்து செருகினேன். பெட்டியை அணைக்கக்கூட இல்லை. மறுநாள் மதியம் வரை தட்டிலிருந்து தட்டுக்கு அதுவாகவே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அடுப்படியில் பாட்டு நிற்காமல் ஓடியது. 11,000 பாட்டுகளில் ஒன்றுகூடப் போகவில்லை. மாதக் கட்டணம் கிடையாது, உரிமம் முடிந்துவிட்டது என்று பாட்டு காணாமல் போவதும் கிடையாது. அந்த வகையில் இந்தப் பெட்டி எனக்கு உண்மையாக உழைத்திருக்கிறது.

ஆனால் என் அம்மாவின் பாட்டை அழித்ததும் இதே பெட்டிதான்.

என் சேகரிப்பில் பாதிக்கு மேல் அப்பாவுடையது. சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிய ஒலிநாடாக்கள், வானொலியிலிருந்து அவரே பதிவுசெய்தவை, கோவில் பஜனைகள். 2003 முதல் மூன்று ஆண்டுகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றினேன். ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி இல்லை. நம் ஊர் ஈரத்தில் பல நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தது. மாற்றியபின் அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டோம். அந்த நாடாக்களில் ஒன்றில்தான் 1991இல் என் மூத்த மகனுக்கு அம்மா பாடிய தாலாட்டு இருந்தது. நான்கு நிமிடம். மின்விசிறி இரைச்சல் கேட்கும், பாதியில் கீழே பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்கும், அம்மா ஒரு கணம் நிறுத்திக் குழந்தை விழித்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத் தொடர்வார். அந்தக் கோப்புக்கு நான் வைத்த பெயர் ‘ஆராரோ’.

அந்தப் பெயரின் கடைசி எழுத்துதான் வினையானது.

பள்ளியில் ‘ரோ’ எழுதச் சொல்லிக்கொடுத்தபோது இரட்டைக்கொம்பு, ர, துணைக்கால் என்றுதானே சொன்னார்கள்? கணினிகள் இன்று எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அந்த ஓகாரக் குறியைச் சேமிக்க இரண்டு வழிகள் உண்டு. கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம். அல்லது கொம்பு தனி, கால் தனி என்று அடுத்தடுத்து இரண்டு குறிகளாக வைக்கலாம். யூடிஎஃப்-8 முறையில் முதலாவதற்கு 3 பைட், இரண்டாவதற்கு 6 பைட். இரண்டும் ஒன்றே என்றுதான் யூனிகோடு விதி சொல்கிறது. திரையில் பார்த்தால் மயிரிழை வேறுபாடும் தெரியாது. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். மற்ற உயிர்க்குறிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

நான் விசைப்பலகையில் தட்டினால் ஒரே குறியாகத்தான் விழும். என் பழைய மடிக்கணினியோ கோப்புப் பெயரைச் சேமிக்கும்போது கொம்பையும் காலையும் பிரித்துவிடும். அதற்குள்ளேயே இருக்கும்வரை தொல்லை இல்லை, இரண்டு வடிவமும் ஒன்றே என்று அதற்குத் தெரியும். பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். அது எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளைத்தான் ஒப்பிடும். சேர்ந்த ‘ஆராரோ’ ஒரு கோப்பு, பிரிந்த ‘ஆராரோ’ வேறு கோப்பு.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை கண்டதெல்லாம் விளைவுகளை மட்டுமே. தைப்பூசத்துக்கென்று 40 பாட்டுகளுக்கு ஒரு பட்டியல் செய்து வைத்திருந்தேன். விடியற்காலையில் பால்குடத்துக்குத் தயாராகும்போது போட்டால் 27 பாட்டுகள்தான் ஓடின. பட்டியல் என்பது வேறொன்றுமில்லை, எந்தப் பாட்டு எந்தக் கோப்புறையில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று வரிவரியாக எழுதிவைத்த சாதாரண உரைக் கோப்பு. அதில் சேர்ந்த ஓகாரம், பெட்டியில் பிரிந்த ஓகாரம். ‘அரோகரா’ என்று வரும் பாட்டு ஒன்றுகூட அகப்படவில்லை! முருகனுக்கு ‘வேல்’ கிடைத்தது, ‘அரோகரா’ கிடைக்கவில்லை. அன்று நான் வன்தட்டுக் கோளாறு என்று நினைத்தேன். ஒகரமும் ஓகாரமும் ஔகாரமும் உள்ள பெயர்கள் மட்டுமே கெடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

ஔகாரத்தின் கதை இன்னும் மோசம். என் பாடகர் பட்டியலில் டி.எம்.சௌந்தரராஜன் மூன்று பேராக இருந்தார். சேர்ந்த ஔகாரத்தோடு ஒருவர், பிரிந்த ஔகாரத்தோடு ஒருவர், ஒற்றைக்கொம்புக்கும் சகரத்துக்கும் பின்னால் யாரோ ளகரத்தைத் தட்டிவிட்ட ‘செளந்தரராஜன்’ ஒருவர். இதில் மூன்றாவது கணினியின் தவறன்று, தட்டியவரின் தவறு. பாட்டுகளோடு வந்த குறிப்புகளில் அப்படியே இருந்தது. கண்ணுக்கு மூவரும் ஒருவரே.

விற்றவர்களின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். திரையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். படத்தில் இரண்டு ‘ஆராரோ’வும் அச்சு அசலாக ஒன்றாகத்தானே இருக்கும்? “ஒரே கோப்பு இரண்டுமுறை பதிவாகியிருக்கிறது, ஒன்றை அழித்துவிடுங்கள்” என்று பதில் வந்தது. நானும் நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து இரட்டையாக இருந்த ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை அழித்தேன்.

பிறகு நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன், வேறு யாருக்கும் இது நேரக்கூடாது. பெட்டியும் மடிக்கணினியும் ஒன்றோடொன்று ஒத்திசையும்படி அமைத்திருந்தேன். ஓரிடத்தில் செய்வது மற்றோரிடத்திலும் நடக்கும். பெட்டியில் சேர்ந்த ‘ஆராரோ’வை அழித்தேன். ‘ஆராரோ’வை அழி என்ற செய்தி மடிக்கணினிக்குப் போனது. அதற்குத்தான் இரண்டும் ஒன்றாயிற்றே, தன்னிடமிருந்த ஒரே ‘ஆராரோ’வை அழித்தது. தன்னிடம் அழிந்ததைப் பெட்டிக்குத் திருப்பிச் சொன்னது. பெட்டி, பிரிந்த ‘ஆராரோ’வையும் அழித்தது. முதல் தட்டில் அழிந்தது அடுத்த நொடியே இரண்டாம் தட்டிலும் அழிந்தது. சென்ற மாதம் என்னைக் காப்பாற்றிய அதே இரட்டைத் தட்டு அன்று அழிப்பதையும் இரட்டையாகவே செய்தது. குப்பைத்தொட்டி 30 நாளுக்கு ஒருமுறை தானாகக் காலியாகும்படி இருந்தது. நான் கவனித்தபோது நான்கு மாதங்கள் ஆகிவிட்டன.

கவனித்தது அம்மாவின் நினைவு நாளன்று. ஒவ்வோர் ஆண்டும் படையல் வைத்தபின் அந்தத் தாலாட்டைப் போடுவோம். போட்டேன், இல்லை. தேடினேன், இல்லை. படையலுக்கு முன்னால் உட்கார்ந்து நான் அழுததை என் மகன் பார்த்தான். அவனுக்காகப் பாடிய பாட்டு அது.

கிடைத்தது எங்கே தெரியுமா? மலேசியாவில், ஜோகூர் பாருவில் தங்கை வீட்டில். 2006இல் அம்மாவின் முதலாண்டு நினைவுக்கு உடன்பிறந்தோர் எல்லாருக்கும் ஒரு குறுந்தட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். கணினிக் கோப்புகளாக அன்று, சாதாரண குறுந்தட்டுக் கருவியில் பாடும்படி எழுதியது. அந்த வகைக் குறுந்தட்டில் பாட்டுக்குப் பெயரே தேவையில்லை, 1, 2, 3 என்ற வரிசைதான். தாலாட்டு ஏழாவது. பெயர் இல்லாததால் பெயரில் கெடவும் ஒன்றுமில்லை. தங்கை அதைப் புடவைக்குள் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாள். அடுத்த சனிக்கிழமை உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் நின்று போய் வாங்கி வந்தேன். காராங்குனி ஹாரன் உட்பட முழுதாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் முறையாகப் படித்து, சரி செய்தேன். கான்வ்எம்வி என்ற இலவசச் சிறு நிரல் ஒன்று இருக்கிறது; பிரிந்த குறிகளையெல்லாம் சேர்ந்த குறிகளாக மாற்றி, கோப்புப் பெயர்களை ஒரே சீராக்கும். 2,300 பெயர்கள் மாறின, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதை ஆக்கியவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு மனதார நன்றி சொல்கிறேன். மூன்று சௌந்தரராஜன்களையும், பாட்டுக் குறிப்புகளைத் திருத்தும் எம்பி3டேக் நிரலின் உதவியோடு ஒருவராக்கினேன். தாலாட்டை, ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் வைத்திருக்கிறேன்; ஒலி சிறிதும் மாறவில்லை என்று சரிபார்த்துக்கொள்ள அந்தக் கோப்பிலேயே ஒரு கையொப்பம் உண்டு. இருவழி ஒத்திசைவை நிறுத்திவிட்டேன். இப்போது பெட்டியிலிருந்து மட்டும் மற்றவற்றுக்குப் போகும். வேறெங்கிருந்தும் அழிக்கும் கட்டளை பெட்டிக்கு வராது.

கார் வேறு கதை. அடுத்தவர் ஓட்டிய பழைய கார், இங்கே கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டுச் சான்றிதழ் முடியப்போகிறது. அதன் பாட்டுக் கருவியில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஐடி3 என்ற பாட்டுக் குறிப்பின் முதல் வடிவம் 1996இல் வந்தது. பெயருக்கு 30 பைட்தான் இடம். தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் என்றால் பத்துக் குறிகள். புள்ளிகளோடு டி.எம்.சௌந்தரராஜன் என்று எழுத 50 பைட் வேண்டும். அந்தக் காரோடு சண்டை போட்டுப் பயனில்லை, விட்டுவிட்டேன்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. 1997இல் தமிழ்நெட் 97 மாநாடு இங்கே, சிங்கப்பூரில்தான் நடந்தது. கணினியில் தமிழ் எப்படி இருக்க வேண்டும் என்று பேச உலகெங்குமிருந்து வந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் நா. கோவிந்தசாமி. அன்றெல்லாம் நாங்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் தவித்தோம். பிறகு வந்த திஸ்கி என்ற தமிழ்க் குறியீட்டு முறையில் நான் பெயரிட்ட பாட்டுகள் இன்று புரியாத குறிகளாகத் தெரிகின்றன, உண்மைதான். ஆனால் திஸ்கியில் ‘கோ’ என்பதற்குக் கொம்பு, க, கால் என்று ஒரே வழிதான் இருந்தது. அந்த மாநாடு முடிந்து எத்தனை ஆண்டுகள்! இன்றும் கோவிந்தசாமி என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தால் என் வீட்டுப் பெட்டி அவரை இரண்டாக்கும். தமிழ்ப் பெயருள்ள கோப்பை விற்பனைக்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். போட்டுப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் அதில்தான். ஆங்கிலத்தில் பெயர் வைத்துக்கொள்ளுங்களேன் என்று என்னிடம் மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். மாட்டேன். அம்மாவின் தாலாட்டுக்கு நான் ஏன் வேற்றெழுத்தில் பெயர் வைக்க வேண்டும்?

ஆகவே தம்பி, விலை இறங்கியிருந்தாலும் வாங்க வேண்டாம். மேலே எழுதிய பாராட்டெல்லாம் உண்மை. போன மாதம்தான் நானே அதற்குப் புதுத் தட்டு வாங்கிப் போட்டேன், இன்னும் பல ஆண்டுகள் வைத்திருப்பேன். இருந்தாலும் இன்று என்னைக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் பாட்டியின் குரல் பதிவு ஒன்று கைப்பேசியில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னீர்களே, அதை முதலில் ஒரு குறுந்தட்டில் எழுதி ஊரில் இருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். குறுந்தட்டு எழுதும் கருவி என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள்.