ரேடானை விரட்ட எது உதவும்: ஜன்னலா, பூச்சா, உறிஞ்சு குழாயா?

ரேடானுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மண்ணிலுள்ள யுரேனியம் சிதையும் தொடரில் பிறக்கும் இந்தக் கதிரியக்க வாயு, தரை விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறுகிறது. உண்மையான ஆபத்து அது சிதைந்து உண்டாகும் பொலோனியத்தில்தான்: அது நுரையீரலில் படிந்து ஆல்பா துகள்களை உமிழ்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ரேடான் 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) கூடினால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் சுமார் 16 சதவீதம் கூடுவதாக ஐரோப்பிய ஆய்வுகளின் தொகுப்பு சொன்னது. புகைபிடிப்பவருக்கு அடிப்படை அபாயமே பல மடங்கு என்பதால், அதே 16 சதவீதம் அவருக்கு மிகப் பெரிய சுமை.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது ஜன்னலைத் திறப்பது. செலவில்லை, பலனும் உடனே தெரியும். மூடினால் சில மணி நேரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. குளிர்காலத்தில் மாடி ஜன்னலை மட்டும் திறந்தால், வெதுவெதுப்பான காற்று மேலே வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் கீழே மண்ணிலிருந்து இன்னும் அதிக வாயு இழுக்கப்படலாம். திறப்பதானால் கீழ்த்தளத்தில் திறக்க வேண்டும்.

விரிசல்களைப் பூசி அடைப்பது பார்வைக்குத் திருப்தியான வேலை. ஆனால் எல்லா ஓட்டையும் கண்ணுக்குத் தெரிவதில்லை, கட்டடம் அசைய அசையப் புது விரிசல் விழும். இதை மட்டும் நம்புவதை நான் ஏற்கமாட்டேன். உறிஞ்சு குழாய்க்குத் துணையாக இருந்தால் சரி.

காற்று வடிகட்டிக் கருவி? தூசியோடு ஒட்டிய சிதைவுப் பொருளில் கொஞ்சம் பிடிபடும், வாயு பிடிபடாது. அதை இந்தப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம்.

என் தேர்வு தரையடி உறிஞ்சு முறை. தளத்தைத் துளைத்து ஒரு குழாய் இறக்கி, அதில் விசிறி பொருத்தி, அடிமண்ணின் காற்றைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவார்கள். தரைக்கடியில் அழுத்தம் வீட்டைவிடக் குறைவதால், வாயு உள்ளே ஏறுவதற்கு முன்பே திசை மாறிவிடுகிறது. நன்றாக அமைந்தால் 80 சதவீதத்துக்கும் மேல் குறையும். பொருத்தும் செலவு, இடைவிடாத மின்சாரம், லேசான இரைச்சல் ஆகியவை இதன் குறைகள். விசிறியை வசிக்கும் அறைக்குள் வைக்கக் கூடாது. அதற்கு மேலுள்ள குழாயில் கசிவு விழுந்தால் அடர்த்தியான ரேடான் அறைக்குள்ளேயே கொட்டும்.

எதைச் செய்வதற்கும் முன் அளந்து பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு கன மீட்டருக்கு 100 பெக்கரல், முடியாத இடங்களில் 300-ஐத் தாண்டக் கூடாது. 100-க்குக் கீழே நிற்கும் வீட்டுக்கு ஜன்னலே போதும். உறிஞ்சு முறை வைத்தவர்கள் குழாயில் அழுத்தமானியைப் பொருத்தச் சொல்லுங்கள், விசிறி சத்தமில்லாமல் நின்றுபோனால் அது உடனே காட்டிக்கொடுக்கும்.