எக்ஸ்டென்ட் ஹின்ட் டெஸ்ட்கள்: வரிக்கு வரி ஒப்பிடுவதா, விதியைச் சோதிப்பதா?

லினக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு புதுக் கோப்பை உருவாக்கி, தரவு எழுதாமலே 1 எம்.பி. நீளத்துக்கு இழுத்து வைத்து, எக்ஸ்டென்ட் அளவு ஹின்டையும் (எக்ஸ்டென்ட் என்பது வட்டில் தொடர்ச்சியாக ஒதுக்கிய ஒரு துண்டு, ஹின்ட் என்பது அதை இந்த அளவில் ஒதுக்கு என்ற குறிப்பு) 1 எம்.பி. என்று அமையுங்கள். பிறகு தொடக்கத்தில் வெறும் 4 கே.பி. எழுதுங்கள். வட்டில் ஒதுக்கப்படுவது 4 கே.பி. அல்ல, 1 எம்.பி. மீதி 1020 கே.பி., "இடம் பிடித்தாயிற்று, இன்னும் எழுதவில்லை" என்ற அடையாளத்தோடு காத்திருக்கும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதற்கு ஒரு தானியங்கி டெஸ்ட் எழுதுங்கள் என்றால் ஆளுக்கு ஒரு வழியில் எழுதுகிறார்கள். ரிவ்யூவுக்கு வரும் பேட்ச்களில் (நிரல் மாற்றங்களில்) நான் பார்ப்பது பெரும்பாலும் நான்கு வகை: வெளியீட்டை வரிக்கு வரி ஒப்பிடுவது, எக்ஸ்டென்ட் பட்டியலை எடுத்து விதியைச் சோதிப்பது, பிளாக் (வட்டு இடத்தை அளக்கும் அலகு) எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது, தாறுமாறாக எழுதி அடித்துப் பார்ப்பது. நால்வரும் தங்கள் வழியே சரி என்பார்கள். எது எங்கே சரி என்பதுதான் கேள்வி.

அதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹின்டுக்கு இரண்டு முகம்: மதிப்பை அமைப்பது ஒன்று, அதன்படி இடம் ஒதுக்குவது இன்னொன்று. அமைக்கும் முகத்தில் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கறாரானது: மதிப்பு பிளாக் அளவின் மடங்காக இருக்க வேண்டும், ஒதுக்கீட்டுக் குழுவின் (எக்ஸ்எஃப்எஸ் வட்டைப் பிரித்துவைக்கும் பெரும் பகுதி) அளவில் பாதியைத் தாண்டக் கூடாது, ஏற்கெனவே தரவு ஏறிய கோப்பில் மாற்றக் கூடாது. கோப்புறையில் வாரிசுக் கொடியோடு வைத்த ஹின்ட், அதற்குப் பின் அதில் பிறக்கும் கோப்புகளுக்குப் போய்ச் சேர வேண்டும். இவையெல்லாம் வாக்குறுதி. ஒதுக்கும் முகத்தில் அது வெறும் வேண்டுகோள். காலி இடம் சிதறிக் கிடந்தால் ஒதுக்கீட்டு நிரல் கிடைத்ததைக் கொடுத்துவிட்டுப் போகும். அது பிழை ஆகாது. பேட்சைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, டெஸ்ட் எந்த முகத்தைத் தொடுகிறது என்பதைத்தான்.

வரிக்கு வரி

கோப்பு முறைமைகளைச் சோதிக்கும் எஃப்எஸ்டெஸ்ட்ஸ் தொகுப்பின் பழைய பாணி இது. (இன்னும் பலர் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்றே சொல்கிறார்கள், பிறந்த வீட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டது.) ஒவ்வொரு டெஸ்டும் ஒரு பேஷ் ஸ்கிரிப்ட். பக்கத்தில் எதிர்பார்க்கும் வெளியீடு ஒரு கோப்பாக இருக்கும். ஓட்டியபின் ஓர் எழுத்து மாறினாலும் தோல்வி.

அமைக்கும் முகத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. 1048576 என்று அமைத்தால் திரும்பப் படிக்கும்போது 1048576 வர வேண்டும். பிளாக் அளவின் மடங்காக இல்லாத எண்ணைக் கொடுத்தால் 'செல்லாத மதிப்பு' என்ற பிழை வர வேண்டும். இரண்டு கேள்வி, இரண்டு பதில், பேச்சுக்கே இடமில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பிழைச் செய்தியில் கோப்பின் பாதையும் அழைப்பின் பெயரும் சேர்ந்து வரும். பாதை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், அழைப்பின் பெயரும் கருவியின் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. அவற்றை வடிகட்டிவிட்டு ஒப்பிட வேண்டும். கருவியின் வெளியேறு குறியீட்டை மட்டும் நம்புவதும் ஆபத்து. ஹின்டை அமைக்கவும் படிக்கவும் உதவும் எக்ஸ்எஃப்எஸ்-ஐஓ கருவியின் பழைய பதிப்புகளில் கட்டளை தோற்றாலும் பூஜ்யம் (வெற்றி என்று பொருள்) வந்த இடங்கள் உண்டு.

இதே பாணியை ஒதுக்கும் முகத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் வினை. எக்ஸ்எஃப்எஸ்-பிமேப் என்ற கருவி காட்டும் எக்ஸ்டென்ட் பட்டியலை, தொடக்க பிளாக் எண்ணோடு அப்படியே எதிர்பார்ப்புக் கோப்பில் ஒட்டி அனுப்புகிறார்கள். தொடக்க எண் எதையெல்லாம் சார்ந்தது தெரியுமா? வட்டின் அளவு, ஃபார்மட் செய்யும்போது எந்தெந்த வசதிகள் இயல்பாக இயங்கின, உள்கணக்குக்கு முன்வரிசையில் எவ்வளவு இடம் போனது, எல்லாம் சேர்ந்ததுதான். அடுத்த பதிப்பில் இயல்பு அமைப்பு ஒன்று மாறினால் டெஸ்ட் விழும், கர்னலில் ஒரு குறையும் இருக்காது. அந்த டெஸ்ட் சோதிப்பது எழுதியவரின் லேப்டாப்பைத்தான்.

சரி, வடிகட்டலாமே என்பார்கள். முதலில் தொடக்க எண்ணை அழிப்பார்கள். அப்புறம் ஒரு இயந்திரத்தில் நீளம் மாறியதால் நீளத்தை அழிப்பார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எதிர்பார்ப்புக் கோப்பில் மிஞ்சியிருப்பது "முடிந்தது" என்ற ஒரே வரி. பூட்டு தொங்குகிறது, கதவைக் காணோம்.

விதியைச் சோதிப்பது

எண்ணை விட்டுவிட்டு, எந்த இயந்திரத்திலும் நிற்க வேண்டிய உறவைச் சோதிப்பது இரண்டாவது வழி. கோப்புக்குள் ஒவ்வொரு ஒதுக்கீடும் ஹின்டின் மடங்கில் தொடங்குகிறதா, நீளமும் மடங்காக இருக்கிறதா என்று பார்ப்பது. புதிதாக ஃபார்மட் செய்த, காலி இடம் தாராளமாக உள்ள வட்டில் இதைக் கேட்பது நியாயம். ஒதுக்கும் முகத்துக்கு என் ஓட்டு இதற்கே. ஆனால் இந்த வழியில் குழிகள் அதிகம், அதனால் ரிவ்யூவிலும் நேரம் அதிகம் பிடிக்கும்.

முதல் குழி, எந்த ஆஃப்செட் (தொடக்கத்திலிருந்து உள்ள தூரம்) என்பது. எக்ஸ்எஃப்எஸ் ஹின்ட் ஒழுங்குபடுத்துவது கோப்புக்குள் இருக்கும் இடத்தையும் நீளத்தையும். வட்டில் எந்த முகவரியில் விழ வேண்டும் என்று அது சொல்வதில்லை. வட்டு முகவரியை ஹின்டால் வகுத்து மீதி பூஜ்யமா என்று பார்க்கும் டெஸ்ட்கள் அவ்வப்போது வருகின்றன. காலி வட்டில் சில நேரம் தற்செயலாகத் தேறிவிடுவதால், எழுதியவருக்குத் தப்பு என்றே தோன்றாது. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் இது இன்னும் மோசம். அங்கே ஃபைமேப் (எக்ஸ்டென்ட் பட்டியலைக் கேட்கும் கர்னல் அழைப்பு) 'வட்டு முகவரி' என்று கொடுப்பது பிடிஆர்எஃப்எஸ்ஸின் சொந்த உள்முகவரி, சாதனத்தின் முகவரியே அல்ல.

இரண்டாவது, மேலே சொன்ன 4 கே.பி. உதாரணத்திலேயே இருக்கிறது. ஒதுக்கியது ஒரே 1 எம்.பி. என்றாலும் பட்டியலில் இரண்டு வரி வரும்: எழுதிய 4 கே.பி. ஒன்று, எழுதாத 1020 கே.பி. ஒன்று. இரண்டாம் வரி 4 கே.பி.யில் தொடங்குகிறது, அது 1 எம்.பி.யின் மடங்கல்ல. வரி வரியாகச் சோதிக்கும் டெஸ்ட் சரியான நடத்தையைப் பிழை என்று சொல்லும். வட்டில் அடுத்தடுத்து ஒட்டிக் கிடக்கும் வரிகளைச் சேர்த்துவிட்டுத்தான் வகுக்க வேண்டும். அலகும் காலை வாரும்: எக்ஸ்எஃப்எஸ்-பிமேப் 512 பைட் அலகில் பேசும், அதே போன்ற பட்டியல் தரும் ஃபைல்ஃப்ராக் கருவி கோப்பு முறைமையின் பிளாக் அலகில் பேசும். 4 கே.பி. பிளாக் என்றால் எட்டு மடங்கு வித்தியாசம்.

மூன்றாவது குழியில் நானே விழுந்திருக்கிறேன். பட்டியலை ஆக் (awk) என்ற கருவியில் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் மீதி பார்த்து, தப்பு இருந்தால் கத்தும் ஒரு லூப். படித்தேன், தர்க்கம் சரி, ஒப்புதல் கொடுத்தேன். பல வாரம் பச்சையாகவே ஓடியது. ஒருநாள் வேறு வேலையாக அந்த ஸ்கிரிப்டில் ஒரு எக்கோ போட்டபோதுதான் தெரிந்தது, லூப் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. கருவியின் வெளியீட்டில் ஒரு நெடுவரிசை தள்ளிப்போயிருந்ததால் ஆக் எந்த வரியையும் பிடிக்கவில்லை. பூஜ்யம் எக்ஸ்டென்ட்களில் பூஜ்யம் தவறு, ஆகவே தேர்ச்சி! இப்போதெல்லாம் லூப்புக்கு முன் "குறைந்தது இத்தனை வரி வந்ததா" என்ற சோதனை இல்லாத பேட்சை நான் மேலே படிப்பதே இல்லை.

சிங்க் போடுவதா, விடுவதா

இந்த இரு வழிக்காரர்களும் பொதுவாகச் செய்யும் ஒரு காரியம், எழுதிய கையோடு எஃப்சிங்க் (நினைவகத்தில் நிற்கும் தரவை உடனே வட்டுக்கு அனுப்பும் அழைப்பு) போடுவது. காரணம் நியாயமானது. சாதாரணமாக எழுதும்போது தரவு நினைவகத்தில் நிற்கும், வட்டில் இடம் பின்னால்தான் ஒதுக்கப்படும். அதற்குள் பட்டியலை எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். ஒதுக்கீட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சிங்க் வேண்டும்.

அமைக்கும் முகத்தில் அதே சிங்க் பிழையை மூடி மறைக்கும். 2024இல் எக்ஸ்எஃப்எஸ்ஸில் திருத்தப்பட்ட குறை ஒன்று இதற்கு நல்ல சாட்சி. தரவு ஏறிய கோப்பில் ஹின்டை மாற்றக் கூடாது என்பது விதி. ஆனால் கர்னல் பார்த்தது உண்மையில் ஒதுக்கப்பட்ட எக்ஸ்டென்ட்களின் எண்ணிக்கையை மட்டும். ஒதுக்கீடு தள்ளிப்போடப்பட்டு நினைவகத்தில் நின்ற தரவு அந்தக் கணக்கில் வரவில்லை. எழுதிவிட்டு, சிங்க் செய்யாமல், உடனே ஹின்டை மாற்றினால் கர்னல் தலையாட்டியது. நடுவில் ஒரு சிங்க் போட்ட டெஸ்ட் எத்தனை ஆண்டு ஓடினாலும் இதைப் பிடித்திருக்காது. அதனால் ரிவ்யூவில் நான் இரண்டு கிளையும் கேட்கிறேன்: சிங்க் செய்து மாற்றினால் மறுக்க வேண்டும், சிங்க் செய்யாமல் மாற்றினாலும் மறுக்க வேண்டும். கூடவே, நீளத்தைப் பூஜ்யத்துக்கு வெட்டிய கோப்பில் அனுமதிக்க வேண்டும்.

மறுப்பைச் சோதிக்கும்போது இன்னொரு நுணுக்கம். கோப்பில் ஏற்கெனவே இருக்கும் அதே மதிப்பைத் திரும்ப அமைத்தால், தரவு இருந்தாலும் கர்னல் மறுக்காது, மாற்றம் இல்லையே. கோப்புறையிலிருந்து வந்த ஹின்டும் டெஸ்ட் அமைக்கும் ஹின்டும் தற்செயலாக ஒன்றாக இருந்தால், மறுப்பு வராததற்குக் காரணம் தேடி ஒரு மதியம் போய்விடும்.

பிளாக் எண்ணிக்கை

ஸ்டாட் (கோப்பின் விவரங்களைத் தரும் கட்டளை) கொடுக்கும் எண்ணை மட்டும் பார்ப்பது. 4 கே.பி. எழுதினேன், 512 பைட் கணக்கில் 2048 வந்ததா? எளிமை, எந்தக் கருவியின் வடிவத்தையும் நம்ப வேண்டாம். ஆனால் முதல் பத்தியில் கோப்பை முன்கூட்டியே 1 எம்.பி. நீளத்துக்கு இழுத்தேனே, அந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் மீதி 1020 கே.பி. கோப்பின் முடிவுக்கு அப்பால் கிடக்கும், கோப்பை மூடும்போது கர்னல் அதை வெட்டிவிடலாம். வெட்டுமா வெட்டாதா என்பது கர்னல் பதிப்பைப் பொறுத்தது. ஒரே டெஸ்ட், ஓர் இயந்திரத்தில் 2048, இன்னொன்றில் 8.

இந்த வழி உண்மையில் மின்னுவது ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையின் பிக்அல்லாக்கில் (பிளாக்குகளைக் கிளஸ்டர் என்ற கொத்துகளாக ஒதுக்கும் வசதி). அங்கே கிளஸ்டர் அளவு ஃபார்மட் செய்யும்போதே வட்டில் பதிந்துவிடுகிறது. குறிப்பாகச் சொல்லாவிட்டால் பிளாக்கின் 16 மடங்கு, அதாவது 4 கே.பி. பிளாக்குக்கு 64 கே.பி. அது வேண்டுகோள் அல்ல, சட்டம். ஒரு பைட் எழுதினாலும் 64 கே.பி. போகும், எண்ணை நேராக ஒப்பிடலாம். (சின்னக் கோப்பை, அதன் விவரப் பதிவான ஐநோடுக்குள்ளேயே வைக்கும் வசதியை யாராவது இயக்கியிருந்தால் மட்டும் கணக்கு உதைக்கும்.)

தாறுமாறாக அடிக்கும் எஃப்எஸ்எக்ஸ் வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹின்ட் வேலை செய்ததா என்று அது சொல்லாது. ஹின்ட் போட்டதால் தரவு கெட்டதா என்று சொல்லும். அது வேறு கேள்வி, ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஹின்ட் இயக்கத்தில் ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை ஓட்டி, முடிவில் கோப்பு முறைமையைச் சரிபார்க்க வைத்தால் போதும்.

எந்த வழியானாலும் 4096 (4 கே.பி. பிளாக்கின் பைட் கணக்கு) என்ற எண் ஸ்கிரிப்டில் நேரடியாக எழுதியிருந்தால் கொடி காட்டுங்கள். 64 கே.பி. பிளாக்கோடு ஃபார்மட் செய்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஃபார்மட் விருப்பத்திலேயே ஹின்ட் வாரிசை இயக்கி ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் "புதுக் கோப்பின் ஹின்ட் பூஜ்யம்" என்ற எதிர்பார்ப்பு உடையும். ரியல்டைம் பகுதியில் (எக்ஸ்எஃப்எஸ் கோப்புத் தரவுக்கு மட்டும் தனியாக வைக்கும் இடம்) கோப்பு விழுந்தால் மடங்குக் கணக்கே வேறு.

கடைசியாக, ஒப்புதல் கொடுக்குமுன் நான் செய்யும் ஒரு வேலை: டெஸ்டில் ஹின்ட் அமைக்கும் வரியை மட்டும் அடித்துவிட்டு ஓட்டுவது. அண்மையில் வந்த ஒன்று, காலி வட்டில் ஒரே கோப்பைத் தொடர்ச்சியாக 1 எம்.பி. எழுதி, "எக்ஸ்டென்ட் ஒன்றுதானா" என்று பார்த்தது. வரியை அடித்தேன், ஓட்டினேன், பச்சை. காலி வட்டில் தொடர்ச்சியாக எழுதினால் ஹின்ட் இல்லாமலே ஒன்றுதான் வரும். இரண்டு கோப்புகளைத் திறந்து, நேரடி ஐஓவில் (நினைவகத்தில் தேக்காமல் வட்டுக்கே எழுதுவது) 4 கே.பி. இதற்கு, 4 கே.பி. அதற்கு என்று மாற்றி மாற்றி எழுதச் சொன்னேன். ஹின்ட் இல்லாதபோது துண்டு துண்டானது, போட்டபோது ஒன்றானது. அதற்கப்புறம்தான் ஒப்புதல் கொடுத்தேன்.