கேள்வியா, விரலா, டாப்ளரா? மலையில் இதய நோயாளிகளின் கால் ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டறியும் வழிகள்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர்கள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் மாத்திரை வாங்க வரும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். காலுறையைக் கழற்றச் சொல்பவர்கள் குறைவு. இதயத் தமனியில் கொழுப்பு படிந்தவருக்குக் கால் தமனியிலும் படிந்திருக்கக்கூடும். அது தெரியாமலே போனால் ஆறாத புண்ணில், சில சமயம் காலையே எடுப்பதில் போய் முடிகிறது.

செலவில்லாத வழி கேள்வி: "நடந்தால் கெண்டைக்கால் வலிக்கிறதா, நின்றால் விட்டுவிடுகிறதா?" தேயிலைச் சரிவில் ஏறி இறங்குபவருக்கு இந்த வலி சீக்கிரமே தெரிந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் இதய நோயாளிக்கு மேட்டில் கால் வலிக்கும் முன்பே மூச்சு வாங்கிவிடுகிறது, அவர் நின்றுவிடுகிறார். பலர் மேடு ஏறுவதையே விட்டிருப்பார்கள். சர்க்கரை நோயில் பாத நரம்பு மரத்தவருக்கு வலியே தெரியாமல் போகலாம். வலி இருப்பவரோ குளிரின் மேல் பழியைப் போட்டுவிடுவார். ஆகவே "வலி இல்லை" என்ற பதிலை வைத்து அடைப்பு இல்லை என்று முடிவு செய்யவே கூடாது.

விரலால் நாடி பார்ப்பது இதைவிட மேல். புறங்காலிலும் உள் கணுக்காலின் பின்புறமும் தொட்டுப் பார்க்க வேண்டும். புறங்கால் நாடி சிலருக்குப் பிறவியிலேயே தட்டுப்படாது. சில்லிட்ட பாதத்தில் யாருக்கும் எளிதில் கிடைக்காது. தொடக்கத்துக்கு நல்லது, தீர்ப்புக்குப் போதாது.

என் தேர்வு, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க வைக்கும் கையடக்க டாப்ளர் கருவியும் சாதாரண ரத்த அழுத்தப் பட்டையும்தான். மேடேறி வந்தவரைக் கதகதப்பான அறையில் பத்து நிமிடம் படுக்க வைத்து, இரு கைகளிலும் இரு கணுக்கால்களிலும் அழுத்தம் எடுக்க வேண்டும். கணுக்காலில் 112, கையில் 140 என்றால் விகிதம் 0.80. 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்ய முடியும். தானியங்கிக் கருவி வேகமானது. ஆனால் அடைப்பு கடுமையாக இருக்கும் காலில்தான் அது தடுமாறுகிறது.

டாப்ளருக்கும் ஒரு பொறி உண்டு. நீண்டகாலச் சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டை அழுத்தினாலும் அமுங்காது. விகிதம் 1.40-ஐத் தாண்டும்; அடைப்பு இருந்தும் அளவு சரியாகவே இருப்பதுபோலவும் காட்டலாம். இவர்களுக்குக் கால் பெருவிரலின் அழுத்தத்தை அளக்க வேண்டும், கை அழுத்தத்தோடு அதன் விகிதம் 0.70-க்கு மேல் போகாவிட்டால் கவலைதான். குளிரில் விரல் தமனிகள் சுருங்குவதால் ஊட்டிக் காலையில் பாதத்தைச் சூடாக்காமல் இதை எடுக்கக் கூடாது. ஸ்கேன், அடைப்பு எந்த இடத்தில் என்று அறியவே. முதல் சோதனைக்காக யாரையும் கோவைக்கு அலைய விட வேண்டியதில்லை.

எல்லோருக்கும் இது வேண்டுமா? அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு 2018-இல் சொன்னது. வேறு தமனியில் ஏற்கெனவே நோய் உள்ளவர்களைச் சோதிப்பது நியாயமே என்கிறது அங்குள்ள இதய மருத்துவ அமைப்புகளின் 2024 வழிகாட்டுதல். நம் இதய நோயாளிகள் இந்த இரண்டாம் வகையினர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் ஊழியர்கள் பாதத்தைப் பார்த்து, நாடி தட்டுப்படாதவர்களையும் நீண்டகாலச் சர்க்கரை உள்ளவர்களையும் முதலில் டாப்ளருக்கு அனுப்பலாம். மற்ற இதய நோயாளிகளுக்கு மாத்திரை வாங்க வரும் நாளிலேயே எடுத்துவிடலாம்.