பிக்கப் டயரில் லோடு எண்: மூன்று செட் மாற்றிய அனுபவம்

வெல்டிங் வேலைக்கு ஓடும் வண்டி என்னுடையது. ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர், கருவிப்பெட்டி மூன்றும் பின்தொட்டியை விட்டு இறங்கவே இறங்காது. வாரத்தில் மூன்று நாலு நாள் அதன்மேல் இரும்புக் குழாயும் தகடும் ஏறும். ஏழு வருஷம், 1,30,000 கிலோமீட்டர், மூன்று செட் டயர். மூன்றுமே 265/70ஆர்17 அளவுதான், ஆனால் லோடு ரேட்டிங் மூன்றிலும் வேறு. புது டயர் வாங்கப் போகிறவர்கள் நான் செய்த தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

வண்டியோடு வந்தது எஸ்எல் ரகம், அதாவது கார் டயர் இனத்தைச் சேர்ந்த சாதாரண லோடு. பக்கச்சுவரில் 115எஸ் என்று இருந்தது. 115 என்பது லோடு எண். ஒரு டயர் 1,215 கிலோ தாங்கும் என்று பொருள். எஸ் என்பது வேகக் குறி, மணிக்கு 180 கி.மீ. வரை. அந்த டயர் 42,000 கி.மீ. ஓடியபோது பின் இடது பக்கச்சுவரில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. டயர் மட்டம், நம்ம லோடுக்கு இது தாங்காது என்று முடிவு கட்டிவிட்டேன்.

உண்மையில் தப்பு என் மேல். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு வரி உண்டு: ஆள் மட்டும் போனால் 29 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), முழு லோடு ஏற்றினால் பின் டயருக்கு 36. நான் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 29-லேயே ஓட்டியிருக்கிறேன். காத்து குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி விரியும், அந்த மடக்கம் சூடாகும், சூடு உள்ளே இருக்கும் நூலையும் ரப்பரையும் பிரித்துவிடும்.

அடுத்து, இருப்பதிலேயே முரட்டு டயராகப் போடுவோம் என்று எல்டி வகையில், அதாவது லைட் டிரக் டயரில், 'இ' லோடு ரேஞ்ச் வாங்கினேன். 121/118 என்று போட்டிருக்கும். ஒற்றைச் சக்கரமாக ஓடினால் 1,450 கிலோ. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியில் ஒவ்வொன்றும் 1,320. கடையில் இதை 10 பிளை என்பார்கள். உள்ளே பத்து அடுக்கு இருக்காது. பருத்தி நூலில் டயர் செய்த காலத்துக் கணக்கு இன்னும் பெயரளவில் நிற்கிறது.

கடைக்காரர் கதவு ஸ்டிக்கரைப் பார்த்து 36 அடித்துக் கொடுத்தார். நானும் ஒரு வருஷம் அதே 36-ல் ஓட்டினேன், மனசில் 1,450 கிலோ தைரியம். 15,000 கி.மீ.யில் பின் டயர் இரண்டிலும் ஓரத்துப் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) தேய்ந்து, நடுவில் மட்டும் உயரமாக நின்றது. ஆணி எடுக்க பஞ்சர் கடைக்குப் போனபோது அங்கிருந்த பெரியவர் உள்ளங்கையை டயரின் ஓரத்தில் வைத்துவிட்டு, "தொட்டுப் பாருங்க தம்பி" என்றார். கை வைக்க முடியவில்லை. நடு அவ்வளவு சுடவில்லை. "இ டயர் வாங்கிட்டீங்க, இ காத்து அடிக்கலையே" என்றார்.

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. 1,450 கிலோ என்பது 80 பிஎஸ்ஐ இருந்தால் மட்டும். 'சி' ரேஞ்சுக்கு அந்த உச்சம் 50, 'டி'க்கு 65, 'இ'க்கு 80. ஒரே அளவு எல்டி டயரில், ஒரே காற்றழுத்தத்தில், 'சி'யும் 'இ'யும் ஒரே எடையைத்தான் தாங்கும். எழுத்து ஏற ஏற இன்னும் கொஞ்சம் காத்து அடிக்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான். டயர் கம்பெனிகள் வெளியிடும் லோடு அட்டவணையைப் பார்த்தேன்: 36-ல் இந்த அளவு எல்டி டயர் தாங்குவது 900 கிலோவுக்கும் கீழே. பழைய எஸ்எல் அதே 36-ல் 1,215. கார் ரக டயரை பிக்கப்பில் மாட்டினால் 1.1-ஆல் வகுத்துக்கொள்வது ஒரு வழக்கம்; அப்படிப் பார்த்தாலும் 1,100 கிலோ. லோடுக்குப் பயந்து பெரிய எழுத்து வாங்கி, பழைய காற்றழுத்தத்திலேயே விட்டதில், தாங்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓடியிருக்கிறேன். நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. பெரும்பாலான வண்டிகளில் டயர் காத்து எச்சரிக்கை விளக்கும் இதைச் சொல்லாது. ஸ்டிக்கர் எண்ணிலிருந்து கால்வாசி இறங்கினால்தான் அது எரியும். அந்த எண் பழைய டயருக்கு எழுதியது.

பயத்தில் அன்றைக்கே பின்னால் 65 ஏற்றினேன். அது இன்னொரு தப்பு. லோடு இல்லாத நாளில் பின்பக்கம் சின்னக் குழியிலும் எகிறியது, மழை ஈரத்தில் வளைவில் ஒருமுறை பின்னால் வழுக்கியது. சாதாரண ரப்பர் வால்வு 65 வரைக்கும்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதற்கு மேல் அடிக்கிறவர்கள் உயர் அழுத்த வால்வு மாட்டியே ஆக வேண்டும், ரிம் எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். வழக்கமான முழு லோடோடு வண்டியை எடை மேடையில் ஏற்றினேன். முன் சக்கரங்கள் மட்டும் ஒருமுறை, முழு வண்டி ஒருமுறை. முன்னால் 1,190, மொத்தம் 2,890, ஆகப் பின் ஆக்சிலில் 1,700. ஸ்டிக்கர்படி பின் ஆக்சிலுக்கு 1,800 வரை, மொத்தம் 3,050 வரை போகலாம். இடது சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்தும் பார்த்தேன். ஜெனரேட்டர் இடப்பக்கம் இருப்பதால் பின் இடது டயரில் மட்டும் 910 கிலோ, வலதில் 790. வீங்கிய டயரும் இடதுதான்! ஆக்சில் எடையைப் பாதியாக வகுத்து டயர் வாங்காதீர்கள், கனமான பக்கம் எதுவோ அதுதான் கணக்கு. டிரெய்லர் இழுப்பவர்கள் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாகப் பின் ஆக்சிலில் இறங்குவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

910 கிலோவுக்கு 'இ' தேவையே இல்லை. 36,000 கி.மீ.யில் அவற்றைக் கழற்றிவிட்டு 'சி' ரேஞ்ச் போட்டேன். எடைக்காக மட்டும் என்றால் எஸ்எல்லே போதும், சரியாகக் காத்து அடித்தால் போதும். நான் எல்டியில் நின்றதற்குக் காரணம் வேலை நடக்கும் இடம்: வெட்டிப்போட்ட கம்பித் துண்டு, கூர்க்கல், மண்பாதை. எல்டியில் பட்டன் ஆழம், பக்கச்சுவரும் கெட்டி.

ஒரு சங்கடம் உண்டு. 'சி'யில் எழுதியிருப்பது 112/109. வண்டியோடு வந்த 115-ஐவிடக் குறைந்த எண் என்று கடைக்காரரே தயங்கினார். 112 என்றால் 1,120 கிலோ; எஸ்எல்லை 1.1-ஆல் வகுத்து வந்த 1,100-க்குச் சற்று மேலே. கணக்கு சரிதான். ஆனாலும் வாகனப் பரிசோதனையில் எண்ணை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்கள் இருக்கலாம், வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி கம்பெனியே 'இ' போட்டு அனுப்பிய பெரிய பிக்கப் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், கீழே இறங்கக் கூடாது.

'சி' டயரில் இப்போது 52,000 கி.மீ. ஆகிறது. லோடு நாளில் பின்னால் 45, முன்னால் 38. வெறும் வண்டியாக வெளியூர் போனால் பின்னாலும் 38. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்ப்பேன். மத்தியானம் அதே டயர் 50 காட்டும். அது சூட்டில் ஏறியது, இறக்கக் கூடாது. ஒருமுறை சூட்டில் இறக்கிவிட்டு மறுநாள் காலை 40-ல் நின்றதைப் பார்த்தேன். 12 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய பட்டன் இன்று நடுவில் 6.5, ஓரத்தில் 6. இவ்வளவு சீராக முந்தைய இரண்டு செட்டும் தேய்ந்ததில்லை.

கழற்றிய டயர்களைத் தராசில் வைத்துப் பார்த்தபோது 'இ' ஒன்று எஸ்எல்லைவிடக் கிட்டத்தட்ட 5 கிலோ அதிகம் இருந்தது. நாலு சக்கரத்துக்கு 20 கிலோ. கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் அந்தப் பாரம் காலில் தெரிந்தது, டீசலிலும் தெரிந்தது. 'சி'யில் சவாரி எஸ்எல் அளவுக்கு மெத்தென்று இல்லை. இந்த வேலைக்கு அது எனக்கு ஒத்துப்போகிறது.

ஸ்டெப்னியை மட்டும் ரொம்ப நாள் மறந்திருந்தேன். வண்டிக்கு அடியில் பழைய எஸ்எல்லே தொங்கிக்கொண்டிருந்தது. நாலு இலக்கத் தயாரிப்புக் குறியில் வாரமும் வருஷமும் பார்த்தால் வயது ஏழு, காத்து 18. போன மாதம் அதையும் 'சி'யாக மாற்றி 50 அடித்து வைத்திருக்கிறேன்.